ஏழாம் படுக்கையின் கோடு

ஜூன் 3, செவ்வாய்

விருதுநகர் வார்டுக்கு இன்று எத்தனை முறை ஃபோன் செய்தேன் என்று எண்ணுவதை மதியச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டேன். பாதி அழைப்புகளை யாரும் எடுக்கவில்லை. எடுத்த பாதியில் "பார்க்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

பத்து வருடம் கழித்து இந்த நோட்டைப் படித்தால் எனக்கே புரியாது என்பதால் வேலையைக் கொஞ்சம் விளக்கி வைக்கிறேன். மதுரையில் எங்கள் மருத்துவமனையின் அலுவலகக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், குளிரூட்டிய ஓர் அறை. அதில் நானும் பர்வீனும். எங்கள் முன்னால் திரைகள். திரைகளில் விருதுநகர்க் கிளையின் இதய வார்டில் படுத்திருப்பவர்களின் துடிப்பு பச்சைக் கோடுகளாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி, சோப்புப்பெட்டி அளவு கருவி ஒன்றைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். கோடு தவறினால் நாங்கள் ஃபோன் செய்ய வேண்டும். அங்கிருக்கும் நர்ஸ் படுக்கைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பார்ப்பது எங்கள் வேலை, போவது அவர்கள் வேலை. நடுவில் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

நானும் நர்ஸ்தான். ஒரு வருடம் வார்டில் இருந்தேன். படிக்க நேரம் கிடைக்கும் என்று இங்கே மாற்றல் வாங்கிக்கொண்டேன்.

விடுதி அறையில் மின்விசிறி சுற்றவில்லை. எலெக்ட்ரீஷியனுக்கு ஃபோன் செய்தேன். "வந்துக்கிட்டே இருக்கேன்மா" என்றார்.

ஜூன் 4, புதன்

எலெக்ட்ரீஷியன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

காலையில் ஏழாம் படுக்கை அலறியது. கோடு கிறுக்கலாக, அகலமாக, வேகமாக ஓடியது. வார்டு மொபைலை அமலோற்பவம் சிஸ்டர் எடுத்தார். குரலை வைத்து ஐம்பது வயது மதிப்பிடுகிறேன். பார்த்ததில்லை.

"பல் தேய்க்கிறாரு. பல்பொடியை விரல்ல வச்சு, ஆள் குலுங்கக் குலுங்கத் தேய்க்கிறாரு. நாளைக்கும் தேய்ப்பாரு. அதுக்கும் ஃபோன் பண்ணுவியா மதுரை?"

அவர் என் பெயரைக் கேட்டதில்லை. மதுரையிலிருந்து வரும் குரல் என்பதால் நான் மதுரை. கருவி அலறினால் கூப்பிட வேண்டும் என்பது விதி என்றேன். கூப்பிட்டால் எடுக்க வேண்டும் என்பதும் விதிதான், ஒரு கையில் மூத்திரக் குடுவையும் இன்னொரு கையில் ஊசியும் இருக்கும்போது மூன்றாவது கையை எங்கே போய் வாங்குவது என்று விதியில் எழுதியிருக்கிறதா என்று கேட்டார்.

ஃபோனை வைத்துவிட்டேன். பிறகு நாள் முழுக்க நல்ல நல்ல பதில்களாகத் தோன்றிக்கொண்டிருந்தன.

ஜூன் 6, வெள்ளி

புதிய சுற்றறிக்கை. இனிமேல் ஃபோனில் நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது. பக்கத்துப் படுக்கைக்கு வந்த உறவினர் ஒருவர் பெயரைக் கேட்டு, அதை ஊரில் போய்ப் பரப்பிவிட்டாராம். அதனால் படுக்கை எண் மட்டும். எங்கள் திரையிலிருந்தும் பெயர்களை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே இப்போது வெறும் எண்.

பெயரைக் காப்பாற்ற வேண்டியதுதான். தரக் கட்டுப்பாட்டு மேலாளர் ஹரிஹரன் சார் இதைப் பொறுமையாக விளக்கினார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்குவார். எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

எண்களோடு என்னால் எட்டு மணி நேரம் உட்கார முடியாது. ஆகவே கோடுகளுக்கு நானே பெயர் வைத்துவிட்டேன். மூன்று, தையல் மெஷின். ஒன்பது, தூறல். பன்னிரண்டு, பள்ளிக்கூடப் பையன், அவ்வளவு ஒழுங்கு. ஏழு, கோபக்காரர். அவர் துடிப்பு வந்த நாளிலிருந்தே ஏறித்தான் நிற்கிறது.

பர்வீன் எட்டிப் பார்த்துவிட்டு, "பேரு வச்சாச்சு, அப்படியே காது குத்தி மொட்டையும் போட்டுவிடு" என்றாள்.

ஜூன் 7, சனி

நூலகத்தில் எடுத்த நாவலைத் திருப்பித் தரும் தேதி இன்றோடு முடிகிறது. நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். புதுப்பித்தேன்.

ஜூன் 9, திங்கள்

கட்டிலுக்கு அடியில் பெருக்கியபோது வார்டில் போட்ட வெள்ளைக் காலணிகள் அட்டைப்பெட்டியோடு வந்தன. தூக்கிப் போட வேண்டும். தூசியாக இருந்ததால் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

வேலையில், ஏழாம் படுக்கைக்கு மாலைவரை தொந்தரவு. துடிப்பு நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை அமலோற்பவம் சிஸ்டர் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"அவரு சாப்பிட மாட்டேங்குறாரு, படுக்கவும் மாட்டேங்குறாரு. உட்கார்ந்தே இருக்காரு. நான் பார்த்துக்கிறேன், நீ வை" என்றார். பின்னால் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிடுவது கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதில் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு நல்ல செய்தி. கோபக்காரர் தணிந்துவிட்டார். மதியத்துக்கு மேல் ஏழாம் கோடு சட்டென்று இறங்கி, எண்பதில் வந்து நின்றது. மருந்து வேலை செய்திருக்கிறது. பர்வீனிடம் காட்டினேன். "கல்யாணம் ஆயிருச்சோ என்னவோ" என்றாள்.

மாலையில் சும்மா கூப்பிட்டு வார்டுக்கு நல்லதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அமலோற்பவம் சிஸ்டர் எடுத்தார். ஏழாம் நம்பர் நன்றாக இருக்கிறது என்றேன். இதைச் சொல்லவா கூப்பிட்டாய் என்றார். பிறகு, வைப்பதற்கு முன்னால், ஏன் வார்டை விட்டேன் என்று கேட்டார்.

"படிக்க நேரம் கிடைக்கும்னு, அக்கா."

"என்ன பரீட்சை?"

"பரீட்சை இல்லை. கதை, நாவல் அந்த மாதிரி."

"சரி தாயி, படி" என்று வைத்துவிட்டார்.

அக்கா என்று எப்போதிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மாலை, பார்வையாளர் நேரம். பர்வீன் டீ வாங்கப் போயிருந்தாள். ஏழாம் படுக்கை அலறியது. திரையில் அகலமான மலைகள், ஒரே அச்சில் வார்த்தவைபோல, இடைவெளியே இல்லாமல். இதயம் துடிப்பதுபோல நடித்துக்கொண்டு ரத்தத்தை மட்டும் அனுப்பாமல் விட்டுவிடும் நிலை அது. சில நிமிடங்களில் நின்றும் போகலாம். பல் தேய்த்தாலும் திரையில் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். ஆனால் மாலையில் யார் பல் தேய்க்கிறார்கள்?

முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவதை அமலோற்பவம் அக்கா எடுத்தார். கூட இருக்கும் இன்னொரு நர்ஸ் ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்ததால் முழு வார்டுக்கும் அவர் ஒருத்திதான். ஏழுக்குப் போங்கள் என்றேன். போனார். நடக்கும் சத்தம் கேட்டது.

"ஏழுல இருக்கிறவரு முறுக்கு தின்னுக்கிட்டு இருக்காரு. நல்லாக் கடிச்சுத் தின்றாரு. வச்சிரட்டா?"

முறுக்கு. மெல்லும்போது உடம்பு அசைந்தாலும் கோடு கிறுக்கும். எத்தனையோ முறை நடந்ததுதான். சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் முறுக்குத் தின்பவர் நடுவில் நிறுத்துவார், தண்ணீர் குடிப்பார், பேசுவார். இந்தக் கோடு எதற்கும் நிற்கவில்லை.

"வைக்காதீங்க. நெஞ்சுல ஒயர் ஒட்டின இடத்துல அவரை விரலால தட்டச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"தட்டச் சொல்லுங்க அக்கா."

அப்படித் தட்டினால் அந்த ஆளின் கோட்டில் முள் முள்ளாக எழும்பும். ஒயர் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வழக்கமாகச் செய்வது. அவர் தட்டுகிறார் என்றார் அக்கா. ஏழாம் கோட்டில் ஒன்றும் மாறவில்லை, அதே மலைகள். அப்போதுதான் கீழே கண் போனது. பன்னிரண்டாம் கோட்டில், ஒழுங்கான அந்தப் பள்ளிக்கூடப் பையனின் கோட்டில், மூன்று முட்கள்.

இன்னொரு முறை தட்டச் சொன்னேன். மறுபடியும் பன்னிரண்டில்.

"அக்கா, உங்க முன்னாடி இருக்கிறது பன்னிரண்டாம் நம்பர். ஏழாம் நம்பர் எங்கே?"

"மாதாவே" என்றார். ஃபோனை அணைக்கவில்லை. ஓடும் சத்தம், ஏதோ எவர்சில்வர் உருளும் சத்தம், திரைச்சீலையை இழுக்கும் சத்தம். "ஐயா, ஐயா" என்று கன்னத்தில் தட்டுகிறார். யாரோ ஒரு பெண், தூங்குகிறார் என்று நினைத்தேனே, தூங்குகிறார் என்றுதானே நினைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

அதற்குள் மலைகளும் குலைந்து, ஏழாம் கோடு நடுங்கும் நூலாகிவிட்டது. நான் டாக்டருக்கும் அவசரக் குழுவுக்கும் இன்னொரு ஃபோனில் சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தேன். நூலின்மேல் பெரிய, உருண்டையான அலைகள் வர ஆரம்பித்தன. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அது இதயம் எழுதியது அல்ல. ஓர் ஆளின் நெஞ்சை அமலோற்பவம் அக்கா இரண்டு கைகளாலும் அழுத்துவது. ஓர் ஐம்பது வயதுப் பெண் மூச்சு வாங்க வாங்க அழுத்துவதை, ஒவ்வோர் அழுத்தமாக, நான் குளிர் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அலை சிறுத்துக்கொண்டே வந்தது. கை சோர்கிறது. வேறு யாராவது போய் அவர் கையை மாற்றுங்களேன் என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன் என்று பர்வீன் பிறகு சொன்னாள்.

குழு வந்தது. மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். திரை முழுக்க ஒரு வெட்டு. பிறகு ஒரு கோடு, வெறும் கோடு. பிறகு ஒரு துடிப்பு. யோசித்து யோசித்து, இன்னொன்று.

பர்வீன் கொண்டுவந்த டீயை மேசையில் கொட்டிவிட்டேன். அந்தப் பேப்பர் கப் எப்போதுமே சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

கோபக்காரர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்துவிட்டார். பெயர் சங்கரவடிவேல், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விழித்ததும் பல்பொடி கேட்டாராம்.

இதைச் சொல்ல அமலோற்பவம் அக்கா கூப்பிட்டார். வார்டிலிருந்து எங்கள் அறைக்கு அழைப்பு வருவது இதுவே முதல் முறை. கதையை அவர் வாயாலேயே கேட்டேன்.

வார்டில் கட்டில்கள் இரண்டு வரிசை, எதிரெதிராக. ஏழாம் கட்டில் இருக்கும் வரிசையில் படுத்தால் தலை வடக்கே வரும். சங்கரவடிவேல் வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்கள், நான் இன்னும் சாகவில்லை என்று வந்த நாளிலிருந்தே சரியாகத் தூங்கவில்லை, கடைசி இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. துடிப்பு ஏறிக்கொண்டே போனது. எதிர் வரிசையில் பன்னிரண்டில் இருந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர், சீனியப்பன். தலை எந்தத் திசையில் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. செவ்வாய் மதியம் அக்கா இரண்டு பேரையும் இடம் மாற்றிப் படுக்க வைத்தார். அந்த வார்டில் மாதத்துக்கு நாலைந்து முறை நடப்பதுதானாம்.

மருந்து வேலை செய்தது என்று நினைத்தேன். வேலை செய்தது தெற்கு.

ஆட்கள் மாறும்போது கழுத்தில் மாட்டிய கருவிகளும் கூடவே போய்விட்டன. என் திரையில் அவர் ஏழாகவே இருந்தார். கட்டில் அட்டையையும் மருந்துத் தாளையும் அக்கா உடனே மாற்றிவிட்டார். கணினியில் எண்ணை மாற்ற வார்டுக்கு அனுமதி இல்லை. கணினிப் பிரிவுக்குச் சொன்னார். புகாரைப் பதிவு செய்திருக்கிறோம், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்றார்களாம்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு வரும் இடமில்லை. மின்விசிறி விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

"முன்னெல்லாம் நீங்க பேரைச் சொல்லித்தான கூப்பிடுவீக. பேரைச் சொல்லியிருந்தா நான் நேரா அவருகிட்டதான் ஓடியிருப்பேன்" என்றார். பிறகு கேட்டார்: "உன் பேரு என்ன தாயி?"

நித்திலா என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ஹரிஹரன் சார் வீடியோவில் வந்தார். நான் மிகச் சிறப்பாகச் செயல்பட்டேனாம். ஓர் அறிக்கை தயாராக இருக்கிறது, படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்.

"பாராட்டுறாங்கன்னா கையெழுத்து கேட்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்று பர்வீன் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து முணுமுணுத்தாள்.

அறிக்கையில் இரண்டே விஷயம். முதல் அழைப்பை வார்டு எடுக்கவில்லை. வார்டு நர்ஸ் அனுமதியில்லாமல் படுக்கையை மாற்றினார். இரண்டும் நடந்தவைதான், ஒரு வரியிலும் பொய் இல்லை. இதைப் படிப்பவருக்கு அந்த ஆளைக் கொல்லப் பார்த்தது அமலோற்பவம் என்றுதான் தோன்றும். அக்காவிடம் ஏற்கெனவே விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்களாம். இந்த அறிக்கையும் சேர்ந்தால் வேலை போய்விடும்.

திங்கள்வரை யோசிக்க நேரம் கேட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். நாவலை எடுத்தேன். நாற்பதாம் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

ஜூன் 16, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை. நானே ஒன்று எழுதி அனுப்பினேன். முதல் அழைப்பை வார்டு எடுக்கவில்லை. அன்று அதற்கு முன் நான் செய்த அழைப்புகளில் அநேகமாக எல்லாமே வீண் அழைப்புகள். படுக்கை மாற்றப்பட்டது, மாற்றிய பிறகுதான் நோயாளியின் துடிப்பு இறங்கியது, அதை நானே திரையில் பார்த்தேன். சுற்றறிக்கையின்படி எண்ணை மட்டும் சொன்னேன். அவர் அந்த எண்ணில் இல்லை. அந்த நேரத்தில் வார்டில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ். அவர் ஃபோனை எடுத்து, நடந்து போய், நான் கேட்டதையும் செய்து, பிறகு ஓடிப்போய் ஓர் ஆளை உயிரோடு மீட்டார். வார்டில் இரண்டாவது ஆள் இருந்திருந்தால் அலை சிறுத்திருக்காது.

கடைசி வரி அலுவலக அறிக்கையில் யாருக்கும் புரியாது என்றாள் பர்வீன். நான் அந்த வரியை அடிக்கவில்லை. பிறகு, அவளும் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஹரிஹரன் சார் பதிலுக்கு ஒரு வரி அனுப்பினார்: இது நாங்கள் கேட்டது அல்ல.

ஜூன் 20, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. அக்காவுக்கு எச்சரிக்கை மட்டும். வேலை போகவில்லை.

புதிய சுற்றறிக்கையும் வந்தது. ஒன்று, எக்காரணம் கொண்டும் படுக்கை மாற்றக் கூடாது. இரண்டு, இனிமேல் படுக்கை எண்ணுடன் பெயரின் முதல் எழுத்தையும் சொல்லலாம். இன்று வார்டில் முதல் எழுத்து 'மு' என்று ஐந்து பேர். மூன்று, மாலை நேரத்துக்குக் கூடுதல் நர்ஸ் என்ற கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. புதிய ஆள் எடுக்க இப்போதைக்கு அனுமதி இல்லை.

வடக்கு வரிசைக் கட்டில்களைத் திருப்பிப் போடலாமே என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஆக்சிஜன் குழாய் சுவரில் அந்தப் பக்கம்தான் இருக்கிறதாம்.

ஜூன் 23, திங்கள்

விருதுநகர் வார்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். புதிய ஆள் எடுக்கத்தானே அனுமதி இல்லை, இருக்கிற ஆளை அனுப்ப அனுமதி தேவையில்லை. ஹரிஹரன் சார் காரணம் கேட்டார். அங்கே விடுதி வாடகை குறைவு என்றேன். உண்மையிலேயே குறைவுதான்.

பர்வீன் இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. அப்புறம், "என்கிட்ட ஏழாம் நம்பர் கோடு நல்லா இருக்குன்னு யாரு சொல்லுவா" என்றாள்.

ஜூன் 28, சனி

நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நூலகர் எப்படி இருந்தது என்று கேட்டார். ஆரம்பம் நன்றாக இருந்தது என்றேன்.

அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. எலெக்ட்ரீஷியன்.

ஜூலை 1, செவ்வாய்

விருதுநகர். முதல் மாலை ஷிஃப்ட். அமலோற்பவம் அக்கா நான் நினைத்ததைவிடக் குள்ளம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கதை படிக்கிற பிள்ளையா நீ" என்றார். எல்லோரிடமும் மதுரை வந்துருச்சு என்றுதான் அறிமுகப்படுத்தினார்.

வந்த அரை மணி நேரத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். உள்ளங்கை வியர்த்தது. இங்கே ஏ.சி. சரியாக வேலை செய்வதில்லை.

வார்டு மொபைல் என் பையில். பர்வீன் நாலு முறை கூப்பிட்டாள். ஒருமுறை ஒயர் கழன்றிருந்தது. ஒருமுறை இருமல். ஒருமுறை ஒருவர் தலை சீவிக்கொண்டிருந்தார். நாலாவது முறை ஒன்றுமே இல்லை. அதற்குள் ஒரு ஊசி தாமதமாகிவிட்டது, ஒருவர் சட்டையில் வாந்தி எடுத்துவிட்டார், காலணி குதிகாலைக் கடித்தது. பர்வீனின் கழுத்தை நெரிக்கலாம்போல இருந்தது.

ஐந்தாவது முறை அடித்தபோது என் ஒரு கையில் குடுவை, இன்னொரு கையில் ஈரத் துணி. இரண்டையும் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"ஏழாம் நம்பர், ப" என்றாள், சுற்றறிக்கைக் குரலில்.

"முழுப் பேரைச் சொல்லு."

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பரமகுரு.

இந்த முறையும் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். பல் தேய்த்துக்கொண்டிருக்கலாம். வந்துகொண்டிருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. போனேன்.